மெல்லப் போகும் வண்டியை முன்னால் விடுங்கள்

எங்கள் பழைய கார்க் கழகத்தின் உலாக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த மடலை ஆங்கிலத்தில் ஆக்கி உங்கள் கையில் தருவதாக என் மகள் ஒப்புக்கொண்டிருக்கிறாள். அவள் எழுதினால் பந்திக்கு இரண்டு 'தயவுசெய்து' விழும். அதனால் முதலில் நான் தமிழில் எழுதிவிடுகிறேன். மனத்தாங்கலை அளவு குறையாமல் எழுத எனக்கு இந்த ஒரு மொழிதான் கைகொடுக்கிறது. பொதுவில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே இங்கிலாந்தில் பழைய மொறிஸும் ஒஸ்ரினும் வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் சிலர், 'அதெல்லாம் வெள்ளைக்காரரின் கழகம், அங்கே நமக்கு என்ன வேலை' என்று கராஜுக்குள்ளேயே வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் இதைப் படிக்க வேண்டும். சண்டை பிடிக்கிற அளவுக்கு எனக்கு அங்கே உரிமை வந்துவிட்டது என்று தெரிந்தால் அவர்களும் வருவார்கள்.

விடயத்துக்கு வருகிறேன். அடுத்த பருவத்திலிருந்து ஞாயிறு உலாக்களை இரண்டாகப் பிரிக்கப் போவதாகச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். மணிக்கு 45 மைல் வேகத்தில் தொடர்ந்து ஓடக்கூடிய வண்டிகள் ஒரு குழு, மற்றவை இன்னொரு குழு. முதற்குழுவுக்கு மலைச்சாலைகள். இரண்டாம் குழுவுக்குச் சுருக்கமான, ஏற்றம் இல்லாத பாதை. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் நேரத்துக்கு வந்துசேர வேண்டும் என்பது நீங்கள் சொல்லும் காரணம். என் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனரை இரண்டாம் குழுவில் போட்டிருக்கிறீர்கள். 948 சிசி எஞ்சின், பிறந்தபோது 37 குதிரைவலு. இப்போது அதில் எத்தனை குதிரை உயிரோடு இருக்கிறது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. எனவே மெதுவான வண்டி என்று சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை.

இரண்டாம் குழுவைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மகள் கேட்டாள். 'ஆறுதல் குழு' என்றேன். யாழ்ப்பாணத்தில் 'ஆறுதலாக வாருங்கள்' என்றால் அவசரப்படாமல் வாருங்கள் என்று பொருள். மற்றத் தமிழர்களுக்கு அந்தச் சொல் துக்கம் விசாரிப்பதைத்தான் நினைவுபடுத்தும். உங்கள் சுற்றறிக்கையைப் படித்து முடித்தபோது மற்றத் தமிழர்களின் பொருள்தான் பொருத்தமாகப் பட்டது.

போன மே மாதத்து உலாவை நினைத்துப் பாருங்கள். டார்பிஷயரில், குரோம்போர்ட்டில், 1771இல் ஆர்க்ரைட் தண்ணீர் விசையில் பருத்தி நூற்க ஆரம்பித்த அந்தக் கல் கட்டடங்களுக்குப் பக்கத்தில் காலை ஒன்பதரைக்குப் பதினான்கு வண்டிகள் நின்றன. எம்ஜிபி மூன்று, ட்ரயம்ப் ஸ்ராக் ஒன்று, பெரியவர் வீட்டுக் கட்டில் போல அசையாத ரோவர் ஒன்று, எல்லோரும் பார்க்கும்படி குறுக்காக நிறுத்தப்பட்ட ஈ-ரைப் ஜகுவார், எங்கள் மைனர், ஒரு ஒஸ்ரின் செவன். அந்த அரைமணி நேரத்துக்காகவே நான் சந்தா கட்டுகிறேன் என்று சொன்னாலும் பொய்யில்லை. பொனற்றுகள் திறந்திருக்கும். சூடான எண்ணெய், பழைய தோல் இருக்கை, பிளாஸ்கில் இருந்து ஊற்றிய தேநீர் எல்லாம் கலந்த ஒரு மணம் வரும். என் மனைவி கொண்டுவந்த மட்டன் றோல்ஸ் முப்பதும் வண்டிகள் கிளம்புவதற்கு முன்பே தீர்ந்துவிட்டன. காரம் அதிகம் என்று சொன்னவர்தான் நான்காவதை எடுத்தவர். பெயர் சொல்ல மாட்டேன், அவர் உங்கள் குழுவில் இருக்கிறார்.

பிறகு கிளம்பினோம். ஜகுவார் முன்னால் போனது. 1961இல் அந்த வண்டி வெளிவந்தபோது மணிக்கு 150 மைல் ஓடும் என்று விளம்பரம் செய்தார்கள், 265 குதிரைவலு. என் வண்டியைப் போல ஏழு வண்டிகள் அதன் பொனற்றுக்குள் கட்டிவைக்கப்பட்டிருக்கின்றன. அதை முன்னால் விட்டுவிட்டு, எல்லோரும் சேர்ந்து வாருங்கள் என்றால் எப்படி?

வயா ஜெலியா என்ற அந்த மரநிழல் சாலை இருக்கிறதே, வியெல்லா என்ற துணிக்குப் பெயர் கொடுத்த சாலை, அதை நான் எத்தனை தடவை ஓட்டினாலும் அலுப்பதில்லை. இரண்டு பக்கமும் செங்குத்தான காடு. வெளிச்சம் இலைகளுக்குள்ளால் வடிந்து பொனற்றில் புள்ளி புள்ளியாக ஓடும். மைனரின் பொனற்றில் நடுவால் ஒரு தட்டையான பட்டை போகும், கவனித்திருப்பீர்கள். வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் கடைசி நேரத்தில் வண்டி ஒடுக்கமாக இருக்கிறது என்று நினைத்து, மாதிரி வண்டியை நடுவால் அறுத்து, நாலு அங்குலம் விலக்கிவைத்துப் பார்த்து, அதுதான் சரி என்றாராம். அந்த நாலு அங்குலத்தின் மேல் இலைநிழல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே மணிக்கு 35 மைலில் போனேன். கிரேஞ்ச்மில் நாற்சந்திக்கு வந்தால் ஒருவரும் இல்லை. மூன்று பக்கமும் வெறும் சாலை.

மனைவி கைபேசியைப் பார்த்தாள். அந்தப் பள்ளத்தில் சிக்னல் இல்லை. நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய வரைபடம் ஒரு சாம்பல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு வரை கையில் வழிப்புத்தகம் தந்தீர்கள். ஒவ்வொரு சந்திக்கும் ஒரு சின்னப் படம், ஒல்லாந்தின் டியூலிப் ராலியிலிருந்து வந்த முறை. குண்டு இருக்கும் இடத்திலிருந்து நீ வருகிறாய், அம்புக்குறி இருக்கும் பக்கம் நீ போகிறாய், பக்கத்தில் எத்தனை மைல் என்ற கணக்கு. என் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஆனால் அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அவள்தான் கப்டன். "இன்னும் காற்பங்கு மைலில் தேவாலயம், அதற்குப் பிறகு இடப்பக்கம்" என்று அவள் சொல்வாள், தேவாலயம் வரும். இப்போது அவளுக்கு வேலை இல்லை. பக்கத்து இருக்கையில் வருகிறவர்கள், அவர்களில் பெரும்பாலோர் மனைவிமார், எல்லோருக்கும் இதே கதைதான். அவர்கள் உலாவுக்கு வருவது குறைந்துவிட்டது என்று போன கூட்டத்தில் கவலைப்பட்டீர்கள். வழிப்புத்தகத்தை நிறுத்தியவர்கள் கவலைப்படலாமா?

மொன்சல் ஹெட்டில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நீங்கள் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். கையசைத்தீர்கள். நாங்களும் அசைத்தோம். கீழே ஆற்றின் வளைவும் அதற்கு மேல் பழைய ரயில் பாலமும் தெரியும் அந்த இடத்தில் இறங்கி நிற்க நேரம் இருக்கவில்லை. 1863இல் அந்தத் தண்டவாளம் போட்ட பிறகு, பக்ஸ்டனில் இருக்கும் முட்டாள் ஒவ்வொருவனும் அரைமணியில் பேக்வெல்லுக்கு வந்துவிடலாம், பேக்வெல்லில் இருப்பவன் பக்ஸ்டனுக்குப் போய்விடலாம், இதற்காகவா பள்ளத்தாக்கைக் கெடுத்தீர்கள் என்று அந்தக் காலத்து அறிஞர் ஒருவர் திட்டினார். 1968இல் ரயிலும் நின்றுவிட்டது. இப்போது பாலத்தின் மேல் ஆட்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓடுகிறார்கள். எங்களுக்கு நடக்கவும் நேரமில்லை, பார்க்கவும் நேரமில்லை. பன்னிரண்டரைக்கு ஈடேலில் மேசை பதிவு செய்திருந்தீர்கள்.

இனி வினற்ஸ் கணவாய். சுற்றறிக்கையில் 'இயந்திரக் கோளாறால் இரண்டு வண்டிகள் தாமதம்' என்று ஒரே வரியில் எழுதிய சங்கதி இதுதான். என் பங்குக்கு நான் எழுதுகிறேன்.

காசில்டனிலிருந்து மேற்கே போகும் பெரிய சாலை, மாம் ரோர் மலை சரிந்து சரிந்து 1979இல் நிரந்தரமாக மூடப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து இந்தக் கணவாய்தான் வழி. பெயரே காற்றுவாசல் என்ற பொருளில் வந்தது என்கிறார்கள். இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை, நடுவில் ஒடுக்கமான சாலை, ஐந்துக்கு ஒன்று என்ற ஏற்றம், ஓரத்தில் யாருக்கும் பயப்படாத செம்மறிகள். யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. எங்களுக்கு ஏற்றம் என்றால் மதகுதான். ஓடும்போதே கியரைச் சிக்காமல் விழவைக்கும் சிங்ரோமெஷ் மைனரின் முதல் கியருக்கு இல்லை, ஓட்டத்தில் அதற்குள் போக வேண்டுமென்றால் வண்டி ஏறக்குறைய நின்றாக வேண்டும். அதனால் கீழேயே முதல் கியரைப் போட்டுக்கொண்டு, மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடை வேகத்தில் ஏறினோம். பாதி வழியில் எஞ்சின் இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றுவிட்டது.

கைபிரேக்கை இழுத்தேன். மனைவி நான் சொல்லாமலே இறங்கிப் பின்பெட்டியிலிருந்து கல்லை எடுத்துப் பின்சில்லுக்கு அண்டை கொடுத்தாள். அந்தக் கல்லைப் பார்த்து நீங்கள் சிரித்திருக்கிறீர்கள். சாவியைத் திருப்பிக் காதைக் கொடுத்தேன். எஞ்சினுக்குப் பின்சுவரில் இருக்கும் பெற்றோல் பம்ப் 'டிக் டிக் டிக்' என்று அடிக்க வேண்டும். சத்தமே இல்லை.

அப்போது பின்னால் ஒஸ்ரின் செவன் வந்தது. அதன் பிரேக்கை நம்பி யாரும் நெருங்கிப் போக மாட்டார்கள் என்பதால் அந்த மனிதர் எப்போதும் கடைசியில்தான் வருவார். எண்பதைத் தாண்டியவர். ஓரமாக நிறுத்தினார். நாங்கள் என்ன நடந்தது என்று சொல்வதற்குள் தன் திருப்புளியின் மரப்பிடியால் என் பம்பின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார், நுளம்பை அடிக்கிற பலத்தில். 'டிக்' என்றது. பிறகு 'டிக் டிக் டிக்'. உள்ளே தொடுபுள்ளிகள் ஒட்டிக்கொள்ளும், ஒரு தட்டுத் தட்டினால் விடும், அவ்வளவுதான் என்றார். உடனே கிளம்பவில்லை. அவர் பிளாஸ்கைத் திறந்தார். அந்தக் காற்றில், பாறைக்குக் கீழே, செம்மறிகள் சுற்றி நிற்க, மூன்று பேரும் இரண்டு கோப்பையில் தேநீர் குடித்தோம்.

கல் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கொடிகாமச் சந்தியில் என் சித்தப்பா வாடகைக்கு ஓடியதும் ஒரு மைனர்தான், இரண்டு துண்டுக் கண்ணாடி வைத்த பழையது. 1990களில் பொருளாதாரத் தடை. யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வராது, வந்தால் போத்தல் கணக்கில் கறுப்புச் சந்தையில். சித்தப்பா காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்புவார். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். வெள்ளைப் புகை கண்ணை எரிக்கும், வண்டி ஓடும். கைபிரேக்குக்குச் சாமான் கிடையாது, அதனால் கல். கர்ப்பிணிகளும் சவப்பெட்டிகளும் அதே வண்டியில்தான் போயின. எதற்குப் போகிறவர்களுக்கும் சித்தப்பா சொன்னது ஒன்றுதான், "ஆறுதலாகப் போவோம்." இங்கே கழகத்தில் 2021இல் வந்த ஈ 10 பெற்றோலில் உள்ள பத்து வீத எதனோல் ரப்பர்க் குழாயைத் தின்றுவிடும் என்று நீங்கள் ஒரு மணி நேரம் கவலைப்பட்டபோது நான் ஏன் வாய்க்குள் சிரித்தேன் என்று இப்போது விளங்கியிருக்கும். (நானும் எதனோல் குறைந்த ஈ 5தான் அடிக்கிறேன். தின்னத்தான் செய்யும்.)

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 1956இல் சூயஸ் நெருக்கடியின்போது பெற்றோலுக்குப் பங்கீட்டு அட்டை வந்த கதையைச் சொன்னார். அவருடைய தகப்பனார் காரைச் செங்கல்லின் மேல் ஏற்றிப் போர்வையால் மூடிவைத்தாராம். பையனாக இருந்த அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் போர்வையைத் தூக்கி உள்ளே போய் இருந்து ஸ்ரேறிங்கைத் திருப்பிக்கொண்டிருப்பாராம். அந்த மனிதரை எட்டு வருடமாகக் கழகத்தில் எனக்குத் தெரியும். காலநிலையையும் டைனமோவையும் தவிர நாங்கள் அதுவரை ஒன்றும் கதைத்ததில்லை.

ஈடேலுக்கு வந்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. நீங்கள் இனிப்பு முடித்துக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தீர்கள். யாரும் கடிந்துகொள்ளவில்லை, கதிரைகளை நகர்த்தி இடம் தந்தீர்கள். ஆனால் பதினான்கு வண்டிகளில் இரண்டு வந்துசேரவில்லை என்பதை எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டேன். சாப்பாட்டுக் கட்டணம் எண்ணும்போது என்றார் ஒருவர், கபடமில்லாமல். அதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்ல வந்தேன்.

இரண்டு குழுவாகப் பிரித்தால் இது தீருமா? தீராது. பம்பைத் தட்டத் தெரிந்தவர் ஏற்றமில்லாத பாதையில் போவார், பம்ப் நின்றுபோகும் வண்டி மலையில் நிற்கும். ஜகுவாருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். இரண்டு வருடங்களுக்கு முன்பு பேக்வெல் சந்தை நெரிசலில் கொதித்து நின்றது எந்த வண்டி, அதற்குத் தண்ணீர் கொண்டு ஓடியது யார் என்று குறிப்பேட்டில் இருக்கும்.

நான் கேட்பது சின்ன மாற்றம். மிக மெதுவான வண்டி முன்னால் போகட்டும். அதற்குப் பின்னால் அடுத்த மெதுவானது. ஜகுவார் கடைசியில் வரட்டும். யாரும் காணாமற்போக முடியாது, ஏனென்றால் வழியில் நிற்கும் எந்த வண்டியையும் பின்னால் வருகிறவர் கண்டே ஆக வேண்டும். சந்தியில் திரும்பும் முன் கண்ணாடியில் பின்வண்டி தெரிய வேண்டும், தெரியாவிட்டால் நிற்க வேண்டும் என்ற பழைய வழக்கத்தையும் திரும்பக் கொண்டுவாருங்கள். அதை நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தீர்கள், என் முதல் உலாவில்.

பதினான்கு பழைய வண்டி வரிசையாக மணிக்கு 35 மைலில் போனால் பின்னால் வருகிற ஊர்க்காரர் ஹோர்ன் அடிப்பாரே என்பீர்கள். நியாயம். நெடுஞ்சாலை விதிநூலில் 169ஆம் விதி அதைத்தான் சொல்கிறது: நீண்ட வரிசையைப் பின்னால் தேங்க வைக்காதே, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி விடு. எனவே நாலு அல்லது ஐந்து வண்டியாகப் பிரியுங்கள், பத்து நிமிட இடைவெளியில் விடுங்கள். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லா விதமும் கலந்திருக்கட்டும்: ஒரு ஜகுவார், ஒரு மைனர், ஒரு ரோவர். ஜகுவார்க்காரருக்கு 35 மைலில் பொறுமை போகுமா என்றால், போகும். மாம் ரோரின் பின்பக்கம் ஏறி ஈடேல் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரேயடியாகத் திறக்கும் அந்த வளைவை அவர் இதுவரை பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். சாலையைப் பார்த்திருப்பார்.

நீங்களே வருடாவருடம் நவம்பர் முதல் ஞாயிறு லண்டன்–பிரைற்றன் ஓட்டம் பார்க்கப் போகிறவர்கள். 1905க்கு முந்திய வண்டிகள், மூடாத இருக்கையில், மழையில். 1896இல் வேகவரம்பை மணிக்கு 4 மைலிலிருந்து 14 மைலாக உயர்த்தியதைக் கொண்டாடிய ஓட்டத்தின் நினைவு அது. அங்கே முந்தி வந்தவருக்குப் பரிசில்லை. வழியில் நின்ற வண்டியைச் சுற்றித்தான் எப்போதும் கூட்டம், அதில் முதல் ஆளாக நிற்பது நம் தலைவர், கையில் கமராவுடன்.

சாப்பாட்டு மேசையை இரண்டு மணிக்குப் பதிவு செய்யுங்கள். பசிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரி இருக்கிறாள். மாளிகைத் தோட்டங்களில் கயிறு கட்டிய புல்வெளியில் இரண்டு மணிநேரம் மடக்குக் கதிரையில் இருக்கும் உலாக்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், அதற்குத் தனி மடல் வேண்டும்.

ஒன்றை மட்டும் மகளிடம் விட்டுவிடாமல் நானே சொல்லிவிட வேண்டும். இந்த வண்டி எப்படி என் கைக்கு வந்தது என்று புது உறுப்பினர் ஒருவர் வியப்போடு கேட்டார். 1948இலிருந்து 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள், கப்பலில் ஏற்றினார்கள், இலங்கையில் அது இன்னும் ஓடுகிறது, மைனருக்கான சாமான்களை அங்கே செய்து இங்கே அனுப்பிய காலமும் ஒன்று இருந்தது என்று சொன்னேன். அவருக்கு நம்பக் கடினமாக இருந்தது. நீங்கள் அவருக்குச் சொன்னால் நம்புவார்.

அடுத்த உலா அன்று காலை எட்டரைக்கே குரோம்போர்ட்டில் நிற்பேன், வெளியே போகும் வாசலுக்கு நேராக. எனக்கு முன்னால் ஒஸ்ரின் செவன் நிற்கும், அவரிடம் பேசிவிட்டேன். நீங்கள் எங்களுக்குப் பின்னால் வந்து நிற்கலாம்.

இப்படிக்கு,
மைனர்க்காரர்

பின்குறிப்பு: எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள். போன தடவை றோல்ஸ் முப்பது காணாமற்போய்விட்டது. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் தனியாகச் சொல்லவும்.